குடத்துச் சாறு

ஒரு காட்டில், அதாவது ஓடை செத்துப்போய், லாரி வந்தால்தான் தண்ணீர் என்று ஆகிவிட்ட ஒரு காட்டில், அஞ்சுகம் என்றொரு கரடி இருந்தது. அதற்கு இரண்டு குட்டிகள், ஒரே ஒரு பிளாஸ்டிக் குடம். குடத்தில் விரிசல். பிடித்த தண்ணீரில் பாதி வழியிலேயே ஒழுகிவிடும். குட்டிகள் நாக்கு வறண்டு கிடப்பதைப் பார்த்தால் பெற்ற வயிறு எரியாதா?

அந்த நேரம் பார்த்து, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த கீரி ஒன்று பிளாஸ்டிக் மறுசுழற்சி ஆலை திறந்தது.

"உருக்கி ஊத்துறதெல்லாம் பழைய கதைக்கா. நாங்க பிளாஸ்டிக்கை ரசாயனத்தால உடைச்சு, அது பொறந்த நிலைக்கே கொண்டுபோயிருவோம். அப்புறம் அதுல எது வேணா செய்யலாம்."

"குடம் செய்யலாமா தம்பி?"

"குடமா? விமானமே செய்யலாம்."

கரடி நம்பிக் கொடுத்தது. மறுநாள் கீரி ஒரு சின்னச் சீசாவை நீட்டியது. உள்ளே கொழகொழவென்று ஏதோ இருந்தது.

"இதான் உங்க குடம். இப்போதைக்கு அடிப்படைக் கூறா இருக்கு. மறுபடி குடமாக்குற மெஷின் இன்னும் வரல."

வேறு வழி? கரடி சீசாவைக் கொண்டுபோய்த் தண்ணீர் வரிசையில் வைத்தது. லாரி காலையில்தான் வரும். அதுவரை ஆளுக்குப் பதில் குடம் நிற்பது அங்கே வழக்கம். வரிசையை மேய்க்கும் குரங்கு எகிறியது. கீரி குறுக்கே வந்து, "இது சாதாரணக் குடமில்ல, உயர்ந்த நிலையை அடைஞ்ச குடம்" என்றது. குரங்குக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததால் சீசாவை முதல் இடத்தில் வைத்துவிட்டது.

முதல் இடம் என்றால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? மானும் முயலும் பன்றியும் நல்ல குடங்களையே தூக்கிக்கொண்டு ஆலைக்கு ஓடின.

விடிந்ததும் யானை லாரியோடு வந்தது. வரிசை முழுக்கச் சீசா.

"தண்ணிய எதுலம்மா ஊத்துறது?"

அஞ்சுகம் இரண்டு கையையும் குவித்து நீட்டியது. "பிள்ளைங்க நேத்துலேர்ந்து சொட்டுத் தண்ணி குடிக்கலண்ணே. இதுல ஊத்துங்க."

"கையில ஊத்த உத்தரவு இல்லம்மா."

யானை நிறைந்த லாரியைத் திருப்பிக்கொண்டு போய், "காட்டில் ஒரு காலிக் குடம்கூட இல்லை மகாராஜா" என்று சிங்கத்திடம் சொன்னது. சொன்னது உண்மைதானே. சிங்கத்துக்கு ஆனந்தத்தில் கண் கலங்கிவிட்டது. தன் ஆட்சியில் தண்ணீர்ப் பஞ்சம் ஒழிந்ததென்று தமுக்கடிக்கச் சொல்லி, லாரியையும் நிறுத்திவிட்டது.

அஞ்சுகத்துக்கு வந்ததே கோபம். குட்டிகளை இழுத்துக்கொண்டு அரண்மனை வாசலில் மறியலுக்குப் போய் உட்கார்ந்தது. காவலுக்கு நின்ற ஓநாய் அதை ஏற இறங்கப் பார்த்தது.

"தண்ணிக்கு மறியல்னா காலிக் குடம் எங்கம்மா?" என்று கேட்டு, வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

நீதி: தண்ணீர்ப் பஞ்சத்துக்குக் காரணம் குடங்களே.