முப்பத்தொன்றும் இடது கால்

மதிப்புக்குரிய பெரிய மாமா அவர்களுக்கு, உங்கள் தங்கை மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். அக்காவும் நலம், அவளுடைய வலது கால் மட்டும் இன்னும் மாவுக்கட்டில் இருக்கிறது. அங்கே நீங்களும் அத்தையும் அத்தையின் இடுப்பும் நலமா என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

நீங்கள் போனில் கேட்டதற்கெல்லாம் நான் "ம்" என்று மட்டும் சொன்னதால் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டீர்கள். போனைக் காதில் வைத்தாலே எனக்கு நாக்கு உள்ளே போய்விடுகிறது. அதனால் நடந்ததை முதலில் இருந்து எழுதுகிறேன். படித்துவிட்டு, பன்னிரண்டாம் தேதிக்கு எடுத்திருக்கும் என் திரும்பி வரும் டிக்கெட்டைத் தயவு செய்து முடிந்தவரை சீக்கிரத் தேதிக்கு மாற்றிவிடுங்கள்.

நீங்கள் மூன்று தடவை எடை போட்டுக் கட்டிய பெட்டி என்னோடு வந்து இறங்கவில்லை. விமான நிலையத்தில் பெட்டிகள் சுற்றி வரும் இடத்தில் நான் நின்றேன், எல்லோரும் அவரவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள், சுற்றுவது நின்றது, பாதி விளக்கை அணைத்தார்கள், அப்போதும் நான் நின்றேன், ஏனென்றால் யாரிடம் எப்படிக் கேட்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் எழுந்து வாசிக்கச் சொன்னால் நிற்பேனே, அப்படி. ஒன்பதாவதோடு நான் படிப்பை விட்டதே அதனால்தானே. அங்கே பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அம்மா, வேலை முடிந்து கிளம்பியவர், என்னைப் பார்த்துத் திரும்பி வந்தார். ஓரத்தில் கேட்பாரற்றுக் கிடந்த கறுப்புப் பெட்டியைக் காட்டி, உன்னுடையதா என்று சைகையில் கேட்டார். இல்லவே இல்லை. நம் பெட்டியில் நீங்கள் கட்டிய சிவப்பு நாடா இருக்கும், தவிர இது நம்முடையதைவிட ஒரு சாண் உயரம். ஆனால் அவ்வளவு அன்பாகக் கேட்பவரிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். பெட்டிச் சீட்டைக் கேட்டார். அது நீங்கள் சொன்னபடி என் துணிக்குள் ஊசி குத்திப் பத்திரமாக இருந்தது, காவலர் ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அதை எப்படி எடுப்பேன்? கண் கலங்கிவிட்டது. அந்த அம்மா சீட்டைப் பார்க்காமலேயே ஒரு தாளில் முகவரியும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, வாசல் வரை பெட்டியை உருட்டி வந்து, ஒரு மிட்டாயும் கொடுத்து அனுப்பினார்.

வீட்டில் திறந்து பார்த்தால் உள்ளே புத்தம் புது ஷூக்கள். முப்பத்தொன்று. எல்லாம் பெண்கள் போடுவது, எல்லாம் ஒரே அளவு, எல்லாம் இடது கால். கடைகளுக்குக் காட்டுவதற்கான மாதிரிகளைத் திருட்டுப் போகாமல் இருக்க ஒற்றைக் காலாகத்தான் கொண்டுபோவார்களாம், அது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. வலது காலில் கட்டுப் போட்டிருந்த அக்கா பெட்டியைப் பார்த்தாள், தன் இடது காலைப் பார்த்தாள். "எனக்குன்னே யாரோ அளவெடுத்து அனுப்புன மாதிரி இருக்குடி" என்றாள். உடனே விமான நிலையத்துக்குப் போன் செய்திருக்க வேண்டியவள், காலையில் ஒன்று மாலையில் ஒன்றாக மாட்டிக்கொண்டு, ஊன்றுகோலோடு நான்கு நாள் வீட்டுக்குள்ளேயே ஊர்வலம் போனாள்.

ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது மாமா. இன்னும் வந்து சேராத நம் பெட்டியில் ஒன்பது செட் துணி, இரண்டு குடை, உங்கள் கடை நாட்காட்டி ஆறு, கண்ணாடிச் சட்டம் போட்ட குடும்பப் படம் எல்லாம் இருந்தன. இதெல்லாம் இல்லாமல் போனால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்றீர்கள். நான் அக்காவின் பழைய சட்டையில் கையை நான்கு மடிப்பு மடித்துக்கொண்டு தெருவெல்லாம் அந்த நாலு பேரைத் தேடினேன். ஒருவர்கூட அகப்படவில்லை.

ஐந்தாம் நாள், நான் எழுதிக் கொடுத்த முகவரியைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்காரர் வந்துவிட்டார். அக்கா பச்சை ஷூவோடு போய்க் கதவைத் திறந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை, காலைத்தான் பார்த்தார். அவர் இவற்றைக் காட்ட வேண்டியிருந்த ஷூக் கண்காட்சி அதற்குள் முடிந்திருந்தது. புகார் கொடுத்துவிட்டாராம். சீட்டைப் பார்க்காமல் பெட்டியைக் கொடுத்ததற்காக அந்த அம்மாவுக்குப் புதன்கிழமை விசாரணையாம், வேலை போனாலும் போகுமாம். அது உன் பெட்டி இல்லை என்று உனக்குத் தெரியாதா என்று அக்கா வழியாக என்னைக் கேட்டார். நான் "ம்" கூடச் சொல்லவில்லை.

அன்றைக்கு அக்கா விஷயத்தைச் சொன்னதும்தான் நீங்கள் போனில் சொன்னீர்கள்: "நீ வாயத் திறக்காத. அவங்க வேலை, அவங்க பாடு. போன எடத்துல நம்ம பேரு கெடக் கூடாது. யாராச்சும் கேட்டா பன்னெண்டாவது படிக்கிறேன்னு மட்டும் சொல்லு."

அக்காவும் அதையேதான் சொல்கிறாள். நீங்கள் சொன்னபடியே வாயைத் திறக்காமல் இருக்கிறேன். ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. இந்த ஊர் எனக்குச் சரிப்பட்டு வராது, சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். அத்தையின் காலில் விழுந்து வணங்கியதாகச் சொல்லவும், அத்தை குனிந்து தூக்க வேண்டாம் என்றும் சொல்லவும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல்லை மீறாத,
தங்கை மகள்.

பின்குறிப்பு: தபால் தலை வாங்குவதற்குள் புதன்கிழமை வந்து போய்விட்டது. டிக்கெட்டை மாற்ற வேண்டாம். கையெழுத்துக்கு முந்திய வரியை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். "அது என் பெட்டி இல்லைன்னு எனக்குத் தெரியும்" என்பதை இந்த ஊர் மொழியில் எப்படிச் சொல்வது என்று அக்காவிடம் கேட்டேன். "பேசாம இருந்தே பழகுனவ, போயும் போயும் இதையா மொதல்ல பேசணும்" என்று திட்டினாள், சொல்லியும் தந்தாள். இரண்டு பேருந்து மாறிப் போகும் வரை ஜன்னலிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். விசாரணை அறையில் முதல் தடவை சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் தடவை புரியவில்லை. மூன்றாம் தடவை பக்கத்து அறையில் இருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஊன்றுகோலோடு கூட வந்திருந்த அக்காதான் மீதியை மொழிபெயர்த்தாள். என் படிப்பைக் கேட்டபோது அவள் நீங்கள் சொன்னபடி பன்னிரண்டாவது என்றாள். நான், "இல்லக்கா, ஒன்பதாவதோட நிறுத்திட்டேன்னு சொல்லு" என்றேன். அதிகாரி ஒன்பது என்று எழுதிவிட்டு அடுத்ததாக முகவரியைக் கேட்டார். அவ்வளவுதான் மாமா. நாம் இரண்டு வருடமாக மூடி வைத்ததை எழுத அவருக்கு அரை நொடிகூட ஆகவில்லை.

அந்த அம்மாவுக்கு வேலை போகவில்லை, வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். என்னைப் பார்த்து அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. வாசல் வரை கூடவே நடந்து வந்தார்.

பன்னிரண்டாம் தேதி வந்துவிடுவேன். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய், மறுபடியும் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்கப் போகிறேன். நீங்கள் சிபாரிசுக்கு யாரையும் பார்க்க வேண்டாம், கூடவும் வர வேண்டாம். நானே பேசிக்கொள்கிறேன்.