காப்பு பெருத்த கதை

இரும்பு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. உலகத்தில் உள்ள மற்ற உலோகங்கள் எல்லாம் இரும்புக்குத் தம்பிமார் என்று நினைப்பார்கள். அண்ணனை அடக்கியவனுக்குத் தம்பியை அடக்குவது என்ன பெரிய காரியம் என்று இருக்கும். எனக்கு அந்த வியாதி முற்றிப்போய் இருந்தது.

கண்டாவளையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேற், ஜன்னல் கிறில், உழவு மெசின் பெட்டி எல்லாம் செய்வேன். (நான் செய்த கேற்றைத் திறக்க வீட்டில் எல்லோரும் வரவேண்டும் என்று சனம் சொல்லும். அதை வெகு காலம் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.)

என் தங்கச்சி கௌரி கலியாணம் முடித்துச் செட்டிகுளத்துக்குப் போனவள். பல வருடம் பிள்ளை இல்லை. கோயில், ஆஸ்பத்திரி, நேர்த்தி, மருந்து என்று அலைந்து, இனி இல்லை என்று எல்லோரும் மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு ஒரு பெண்பிள்ளை பெற்றாள். முப்பத்தொண்டுக்கு, அதாவது பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்கிறபோது, தாய்மாமன் பிள்ளைக்குக் காப்புப் போடவேண்டும். எங்கள் வீட்டில் தாய்மாமன் பதவிக்கு என்னை விட்டால் வேறு ஆளில்லை.

அம்மா அலுமாரியைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த ஒரு வெள்ளிக் கொலுசை எடுத்தா. ஒற்றைக் கொலுசு. சோடியில் மற்றது சண்டைக் காலத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து நடந்து வந்தபோது எங்கேயோ விழுந்துவிட்டது.

"இதை உருக்கிச் செய்தால் பிள்ளையின்ரை கைக்குக் காணும். கிளிநொச்சியில நகை செய்யிற பத்தரிட்டைக் குடுத்து வடிவான காப்பாச் செய்விச்சுக்கொண்டு வா."

"பத்தர் என்னத்துக்கம்மா? நான் செய்யிறன்."

"நீயோ? உனக்குக் கேற் அல்லோ செய்யத் தெரியும்?"

"காப்பும் ஒரு சின்னக் கேற்தான்."

(இந்த வசனத்தை நான் சொன்னது உண்மை. மறுக்கலாம் என்று பார்த்தால் அம்மா இன்னும் நல்ல ஞாபகத்தோடு இருக்கிறா.)

என்னுடைய துணிச்சலுக்குக் காரணம் போனில் பார்த்த ஒரு வீடியோ. தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரன் வெள்ளி வளையத்தை ஒரு குழாயில் கொழுவி, சின்னச் சுத்தியலால் டொக் டொக் என்று தட்டுவான். தட்டின இடமெல்லாம் சின்னச் சின்னக் குழி விழுந்து, குளத்துத் தண்ணீர் வெயிலில் மினுங்குவது மாதிரி மினுங்கும். என் மருமகளுக்கு அப்படி ஒரு காப்பு, அதுவும் மாமன் தன் கையால் அடித்த காப்பு. நினைக்கவே நெஞ்சு விம்மியது.

கௌரி பிள்ளையின் குவித்த கையை நூலால் அளந்து, அந்த நூலை பஸ்ஸில் வந்த ஆளிடம் கொடுத்துவிட்டாள். நூலைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. என் ஒரு விரலைச் சுற்றவே திணறும் போல இருந்தது.

கொலுசை ஒரு மண் சிட்டியில் போட்டு, கொஞ்சம் வெண்காரம் தூவி, கேஸ் சுவாலையைக் காட்டினேன். முதலில் மணிகள் சுருண்டன. பிறகு எல்லாம் சேர்ந்து ஒரு வெள்ளை முட்டையாகி உருண்டது. அதை ஒரு கோண இரும்பின் நடுப்பள்ளத்தில் ஊற்றிக் கம்பியாக்கினேன். அடிக்கத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் கம்பி வெடித்தது. வெள்ளியை அடிக்க அடிக்க அது விறைத்துப்போகும், இடைக்கிடை சிவக்கக் காய்ச்சி ஆறவிட வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. (வீடியோவில் அந்தக் கட்டம் வந்தபோது நான் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.) மறுபடி உருக்கி, மறுபடி ஊற்றி, இந்தமுறை காய்ச்சிக் காய்ச்சி அடித்து, வளைத்து, பிரிட்ஜ் குழாய் ஒட்டுகிற வெள்ளிக் கம்பியால் இரண்டு முனையையும் ஒட்டினேன். நூலோடு வைத்துப் பார்த்தேன். அச்சொட்டாக இருந்தது.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை.

ஆனால் மினுக்கம் வரவில்லையே. வளையத்தை ஒரு சின்ன இரும்புக் குழாயில் கொழுவித் தட்டத் தொடங்கினேன். டொக் டொக். குழி விழுந்தது, மினுங்கியது. ஆசை கூடியது. சுற்றிவர ஒருமுறை தட்டினேன். போதாது போல இருந்தது. இன்னொருமுறை. திடீரென்று காப்பு குழாயிலிருந்து கழன்று நிலத்தில் விழுந்தது.

புத்தியுள்ளவன் என்றால் ஏன் கழன்றது என்று யோசிப்பான். நான் கொஞ்சம் பெரிய குழாயாகப் பார்த்து எடுத்தேன்.

அதிலிருந்தும் கழன்றது. அதைவிடப் பெரிய குழாய் ஒன்று என்னிடம் இருந்தது. பட்டறையில் குழாய்க்கு என்ன பஞ்சம்? காலையில் தொடங்கியவன் பின்னேரம் வரை காய்ச்சிக் காய்ச்சித் தட்டினேன். கடைசியில் பழப்புளியும் சாம்பலும் போட்டு மினுக்கி, ஒரு டப்பாவில் பஞ்சு வைத்து மூடினேன். நாள் முழுக்கக் கேற்றுகளைப் பார்க்கிற கண்ணுக்கு அந்தக் காப்பு பூஞ்சிட்டாகத்தான் தெரிந்தது. திரும்ப நூலோடு வைத்துப் பார்க்கத் தோன்றவேயில்லை.

கௌரியின் மாமனார் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். முன்பு உடையார்கட்டில் படிப்பித்தவர். சனம் எல்லாம் அவரைச் 'சேர்' என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். அவர் சிரித்து நான் கண்டதில்லை. அவர் இருக்கிற பக்கம் நான் போனால், செய்யாத வீட்டுப்பாடத்துக்கு அடி வாங்கப் போகிற பெடியன் மாதிரிக் கைகள் தாமாகவே கட்டிக்கொள்ளும்.

முப்பத்தொண்டு அன்று வீடு நிறையச் சனம். ஐயர் புண்ணியதானம் முடித்து எழும்பினார். கௌரி பட்டுச் சேலையோடு பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் அதற்கு முன்பு கண்டதில்லை.

"தாய்மாமன் வாங்கோ, காப்பைப் போடுங்கோ" என்றா சேரின் தமக்கை. அவா அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் குரல் கொடுக்கிறவா.

நான் டப்பாவைத் திறந்தேன். "அண்ணா தானே அடிச்சது!" என்று கௌரி பெருமையாகச் சொன்னாள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

பிள்ளையின் கையில் போட்டேன். முழங்கையைத் தாண்டித் தோளுக்குப் போனது. கையைக் கீழே விட்டேன். கழன்று மடியில் விழுந்தது. சரி, இடது கை சின்னக் கையாக்கும் என்று (அந்த நேரத்தில் மூளை அப்படித்தான் வேலை செய்தது) வலது கையில் போட்டேன். விழுந்தது. காலில் போட்டேன். அது தொடைவரை சுகமாகப் போய், அதே சுகத்தோடு திரும்பி வந்தது. பிள்ளை என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

"தம்பி, உது காப்போ, கைவிலங்கோ?" என்றா சேரின் தமக்கை.

பின்னால் ஒருவர் சிரிப்பை அடக்கி இருமினார். நிலம் பிளக்காதா என்று பார்த்தேன். சீமெந்து நிலம், அதற்கு அந்த எண்ணம் இல்லை.

"உவன் அடிச்சு அடிச்சுப் பெருப்பிச்சுப்போட்டான்" என்று அம்மா மெல்லச் சொன்னா. "தட்டத் தட்ட றொட்டி அகலுமெண்டு எனக்குத் தெரியும். இவனுக்குத் தெரியேல்லை."

கௌரியைப் பார்த்தேன். அவள் கண் நிரம்பிவிட்டது. எத்தனை வருடம் இந்த வீட்டில் பிள்ளை இல்லையென்று என்னென்ன கதை கேட்டவள். அவளுடைய நாளை நான் சுத்தியலால் அடித்து நெளித்துவிட்டேன்.

அப்போது கதிரையிலிருந்து சேரின் குரல் வந்தது. "ஆரின்ரை வெள்ளி அது?"

"என்ரை கொலுசு" என்றா அம்மா. "ஒண்டுதான் மிஞ்சினது. மற்றது வாற வழியில விழுந்திட்டுது."

எந்த வழி என்று ஒருவரும் கேட்கவில்லை. சேரும் அதே வழியால் நடந்து வந்தவர்தான்.

அவர் எழும்பி வந்தார். என் கையிலிருந்து காப்பை வாங்கி, விரல்களைக் குவித்து, பல்லைக் கடித்துக்கொண்டு தன் கைக்குள் தள்ளினார். விரல் மொளியில் கொஞ்சம் சிக்கியது. இன்னொரு தள்ளு. மணிக்கட்டில் போய் இருந்தது.

"எனக்கு ஆரும் முப்பத்தொண்டுக்குக் காப்புப் போட்டதா ஞாபகமில்லை" என்றார். "பேத்தியின்ரை கை வளருமட்டும் நான் போட்டிருக்கிறன்."

வீடு சிரித்தது. கௌரி அழுதபடியே சிரித்தாள். சேரின் தமக்கை ஒரு கறுப்பு நூலைப் பிள்ளையின் கையில் கட்டி, "இப்போதைக்கு இது காணும்" என்றா. எனக்குச் சேரின் காலில் விழவேண்டும் போல இருந்தது.

விழுந்திருக்கலாம். பதிலாக, சாப்பாட்டு நேரத்தில் இன்னும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். கை கழுவும்போது அவர் காப்பைக் கழற்றப் பார்த்தார், அது வரவில்லை. சவர்க்காரம் போட்டார்கள், தேங்காய் எண்ணெய் போட்டார்கள், கை வீங்கியதுதான் மிச்சம்.

"சேர், பயப்பிடாதேங்கோ" என்றேன். "ஒரு கிரைண்டர் இருந்தால் நான் ஒரு நிமிசத்தில வெட்டி விடுவன்."

அவர் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். "தம்பி, அந்தக் கதிரையிலயே இருங்கோ. எழும்பாதேங்கோ."

காப்பு இன்றும் அவர் கையில்தான் இருக்கிறது. இப்போது கழற்றலாம், ஆள் மெலிந்துவிட்டார். ஆனால் கழற்றுவதில்லை. பேத்தி பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் தன் கையை அதற்குள் விட்டுப் பார்த்து, இன்னும் இல்லை என்று தலையாட்டுவாள்.

போன மாதம் அவளுக்குக் காது குத்தினார்கள். நான் படலையைத் திறந்து உள்ளே போக, அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தாயின் பின்னால் ஓடினாள்.

"மாமாவை வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ! மாமா தட்டினால் என்ரை காது பெருத்திடும்!"

என் கையில் இருந்தது ஒரு சீப்புக் கதலி வாழைப்பழம் மட்டும்தான். ஆனால் சேர் அன்று சிரித்த சிரிப்பில் தண்ணீர் குடிக்கக் கொடுக்கவேண்டி வந்தது. அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்து விசேடம் எதற்குப் போனாலும், இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் நான் உள்ளே போகவேண்டும்.