கடல் பார்க்க நினைத்த கரடியின் முதுகு

ஒரு காட்டில் மாசிலாமணி என்று ஒரு கரடி இருந்தார். கரடிக்கு எதற்கு 'இருந்தார்' என்று கேட்காதீர்கள். கதை முடிவதற்குள் அவர் பெரிய அதிகாரி ஆகப்போகிறார். இப்போதே மரியாதை கொடுத்து வைத்தால் நமக்கு நல்லது.

அவரிடம் ஒரு டூரிங் வண்டி இருந்தது, தூரப் பயணத்துக்கென்றே செய்த கனமான மோட்டார் சைக்கிள். முன்னால் பெரிய கண்ணாடி, இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் இன்னொரு பெட்டி, மெத்தை மாதிரி சீட்டு. பெட்டிகளில் இலுப்பைப் பூ வற்றல், கறையான் பொடி, தேன் டப்பா, மழைக்கோட்டு, பஞ்சர் சாமான் எல்லாம் எப்போதும் தயாராக இருக்கும். பின்சீட்டில் அவர் மனைவி செங்கமலம் தூங்கிக்கொண்டே வரலாம், அப்படி ஒரு சாய்மானம். ஆனால் மரத்தடியில் நிற்கும் அந்த வண்டியைப் பின்னுக்குத் தள்ளி வெளியே எடுத்துத் தருவது செங்கமலம்தான். அந்தக் கனத்தைப் பின்னால் நகர்த்த மாசிலாமணிக்கு வரவே வராது. இதை அவர் வெளியில் சொல்லமாட்டார்.

இத்தனை ஏற்பாடும் எதற்கு? கடல் பார்க்க. புருஷன் பெண்சாதி இரண்டு பேருக்கும் கல்யாணமான நாளிலிருந்து அதே பேச்சு. கடல் நீலமாக இருக்குமாம், கரையே தெரியாதாம் என்று யாரோ ஒரு நாரை சொல்லிவிட்டுப் போனது. அன்றிலிருந்து செங்கமலம் ஒரு துண்டை மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறாள், கால் நனைத்தால் துடைப்பதற்கு.

ஆனால் காட்டைவிட்டு வெளியே போக எல்லை அனுமதி வேண்டுமே! அதற்கு ஆன்லைனில் மனுப் போடவேண்டும். இரண்டு காதும் தெரிகிற மாதிரி போட்டோ ஏற்றவேண்டும். அப்புறம் ஓடிபி வரும். நேரம் முடிந்த பிறகு வரும். எல்லாவற்றையும் தாண்டி மனு உள்ளே போனால், மறுவாரமே பதில் வந்துவிடும்: 'நிராகரிக்கப்பட்டது. காரணம்: இதர.' வருஷா வருஷம் மனு, வருஷா வருஷம் இதர. கடலுக்குப் போகவேண்டிய வண்டி செக்குமாடு மாதிரி காட்டையே சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த 'இதர' என்னவென்று மாசிலாமணிக்குத் தெரியாது. காட்டில் மற்ற எல்லோருக்கும் தெரியும். மெயின் ரோட்டு வளைவில் ஒரு குட்டைப் பாறை. சாயங்காலமானால் சிங்கராஜா அதில் ஏறி உட்கார்ந்துகொள்வார். அந்த வழியாகப் போகிற பிராணி எல்லாம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகும், அது மரபு. மாசிலாமணியோ டூரிங் வண்டியில் நெஞ்சை விரித்து, முதுகு நேராக, தலை ராஜாவின் தலைக்கு மேலே தெரிய வருவார். வேறு எப்படி வருவது? அந்த வண்டியில் உட்கார்ந்தால் அப்படித்தான் உட்கார முடியும். போதாக்குறைக்கு, வண்டி ஓட்டுகிறவர்கள் எதிரே வருகிறவருக்குக் காட்டுவது போல, இடது கையை இறக்கி இரண்டு விரலை நீட்டி ராஜாவுக்கு ஒரு சலாம் வைப்பார். அவரைப் பொறுத்தவரை அதுதான் உலகத்திலேயே பெரிய மரியாதை.

"எனக்கே ரெண்டு வெரலா?" என்று சிங்கராஜா உறுமுவார். பக்கத்தில் நிற்கும் செயலாளர் ஓநாய் உடனே போனை எடுத்து 'இதர' என்று தட்டும். கதை இவ்வளவுதான்.

அந்த வருஷமும் இதர வந்தது. வந்த அன்றைக்கு டூரிங் வண்டி சர்வீஸில் நின்றது. வண்டியை எடுக்கப் போன மாசிலாமணி கடுகடுவென்று இருந்தார். கூடவே செங்கமலமும் வந்திருந்தாள். ஷோரூம் நரிக்கு நல்லசிவம் என்று பேர். யார் எந்த நேரத்தில் மனசு உடைந்து வருகிறார்கள் என்று நல்லசிவத்துக்கு மோப்பத்திலேயே தெரியும்.

"அண்ணே, வண்டி ரெடியாக இன்னும் நேரமாகும். சும்மா ஒரு ரவுண்டு இதை ஓட்டிப் பாருங்களேன்" என்று ஒரு ஸ்போர்ட்ஸ் பைக்கைக் காட்டியது. சிவப்பு நிறம். ஒல்லியாக, மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு நின்றது. பெட்டி கிடையாது, கண்ணாடி என்று பேருக்கு ஒரு துண்டு.

"அட, போப்பா! இதுல போறவனுங்களப் பார்த்திருக்கேன். தொலைச்ச காசைத் தேடுற மாதிரி ரோட்டையே பார்த்துக்கிட்டுப் போறானுங்க" என்றார் மாசிலாமணி.

"உங்க வயசுக்கு இது கொஞ்சம் சிரமம்தான் அண்ணே. நான் கேட்டிருக்கக் கூடாது" என்றது நரி.

அவ்வளவுதான். மாசிலாமணி டோக்கன் வாங்கிக்கொண்டு டெஸ்ட் ரைடு வரிசையில் நின்றுவிட்டார். முன்னால் இரண்டு சிறுத்தைகளும் ஒரு காட்டுப்பன்றியும். செங்கமலம் பின்சீட்டைத் தொட்டுப் பார்த்தாள். "என்னங்க இது, சோப்புக்கட்டி அளவுக்கு இருக்கு? இதுல நான் எங்க உக்கார்றது?" என்றாள். "நீ எதுக்கு உக்காரணும்? சும்மா ஒரு ரவுண்டுதானே" என்றார் அவர்.

முறை வந்தது. மாசிலாமணி சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருந்த வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்தார். டூரிங் வண்டியை நிமிர்த்தும்போது வழக்கமாக என்ன செய்வாரோ அதையே செய்தார்: மூச்சை இழுத்து, பல்லைக் கடித்து, குலதெய்வத்தைக் கும்பிட்டு, ஒரே தம். பஞ்சு மாதிரி வண்டி, அந்தத் தம்முக்கு எங்கே நிற்கும்? நிமிர்ந்தது, நிமிர்ந்த வேகத்தில் அந்தப் பக்கமாகப் போய் நல்லசிவத்தின் கால்மேல் விழுந்தது. "பரவால்லண்ணே, எல்லா டூரிங்காரங்களும் மொதல்ல என் கால்லதான் போடுவாங்க" என்று நரி கண்ணில் நீரோடு சிரித்தது.

அப்புறம் வண்டி கிளம்பியது. ஐயோ, அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! திரும்பவேண்டும் என்று நினைப்பதற்குள் திரும்பிவிட்டது. டூரிங் வண்டியை ஒரு வளைவில் திருப்ப முந்தின வளைவிலேயே யோசனையை ஆரம்பிக்கவேண்டும். இதற்கு இடுப்பை அசைத்தால் போதும். மாசிலாமணி வாய்விட்டுச் சிரித்தார், "யம்மாடியோவ்" என்று கத்தினார். அறுபது கிலோ இளைத்த மாதிரி இருந்தது அவருக்கு. ஒரே ஒரு விஷயம், ஹேண்டில்பார் பாதாளத்தில் இருந்ததால் தொந்தி டாங்க்கில் அமுங்கி, முகவாய் மீட்டரில் படும்படி மடங்கியிருந்தார். ரோடு தெரிந்தது, அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. சந்தோஷத்தில் அது ஒரு குறையாகப் படவில்லை.

பாறை வந்ததும் தெரியாது, ராஜா உட்கார்ந்திருந்ததும் தெரியாது. குனிந்தபடி போனார். ஆசை விடவில்லை, திரும்பி வந்து இன்னொரு ரவுண்டு. அப்புறம் இன்னொன்று.

சிங்கராஜா ஆடிப்போய்விட்டார். "யோவ் ஓநாய், அது நம்ம மாசிலாமணியா? தாடை வண்டியில ஒட்டுற அளவுக்குக் குனிஞ்சிட்டுப் போறானே! ஒரு தடவை போதாதுன்னு திரும்பத் திரும்ப வந்து கும்பிடுறான்யா. நிறுத்து அவனை!"

ஓநாய் நிறுத்தியது. மாசிலாமணி இறங்கினார். இறங்கினார் என்பது மரியாதைக்கு. மடங்கிய உடம்பு மடங்கியபடியே பக்கவாட்டில் சரிந்தது. நிமிரப் பார்த்தார். இடுப்பில் 'கடக்' என்றது. முதுகு பிடித்துக்கொண்டது.

"இறங்கின பிறகும் நிமிரல பாரு!" என்றார் ராஜா. "இவ்வளவு பணிவை எங்கப்பா காலத்துல கூடப் பார்த்ததில்ல. உனக்கு என்னப்பா வேணும், கேளு."

"ராஜா, என் முதுகு..."

"உன் முதுகைப் பத்தி எனக்குத் தெரியாதா? தங்கமான முதுகு. வேற என்ன வேணும்?"

வலியிலும் மாசிலாமணிக்குப் புத்தி வேலை செய்தது. "கடல் பார்க்கணும் ராஜா. எல்லை அனுமதி வேணும். நானும் என் சம்சாரமும். ரொம்ப நாளா மனுப் போடுறோம்."

சிங்கராஜா பாறையைவிட்டு இறங்கி வந்தார். "மாசிலாமணி, திமிர் பிடிச்சவனா இருந்தா நானே தள்ளிவிட்டிருப்பேன். இப்படிக் குனியத் தெரிஞ்ச ஒருத்தனை வெளியில அனுப்பிட்டு, நான் யாரை வச்சுய்யா ஆட்சி நடத்துறது? நாளையிலேருந்து எல்லை அனுமதிக்கு நீதான் அதிகாரி."

திமிருக்காக இத்தனை வருஷம் கிடைக்காதது, பணிவுக்காக அன்றைக்கும் கிடைக்கவில்லை. ஆனால் அதிகாரி என்ற சொல் காதில் விழுந்தபோது மாசிலாமணிக்கு முதுகுவலி பாதி குறைந்த மாதிரி இருந்தது, உண்மையைச் சொல்லவேண்டும் அல்லவா.

வீட்டில் செங்கமலம் நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். எலும்பு வைத்தியர் கொக்கு வந்து அங்கே குத்தி இங்கே குத்திப் பார்த்து, "பயப்படாதீங்க, ஒரு வாரம் எண்ணெய் தேய்ச்சா தானா நிமிர்ந்திடும்" என்றது.

மாசிலாமணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நிமிர்ந்திடுமா?"

"கண்டிப்பா நிமிர்ந்திடும்."

கொக்கு போனதும் அவர் மெல்லச் சொன்னார்: "கமலம், எண்ணெய் போதும்."

"ஏங்க, இன்னும் பாதி முதுகுகூடத் தேய்க்கலையே?"

"போதும்கிறேன்ல. நிமிர்ந்தா வேலை போயிடும்டி."

செங்கமலம் கையைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப கடல்?"

"அடுத்த வருஷம் பார்க்கலாம். இப்ப நானே அதிகாரி. நம்ம மனு எங்க போயிடப்போகுது?"

இதற்குள் காடு முழுக்க விஷயம் பரவிவிட்டது. ஷோரூமில் அடிதடி. முயல் வாங்கிற்று, முள்ளம்பன்றி வாங்கிற்று. நீச்சலைத் தவிர வேறு எதற்கும் நகராத எருமைகூடத் தவணையில் ஒரு சிவப்பு பைக் வாங்கிற்று. எல்லோரும் சாயங்காலமானால் மடங்கிக்கொண்டு பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். எல்லைச் செக்போஸ்ட் குரங்கு வண்டி வாங்க வசதி இல்லாமல் சும்மாவே குனிந்துகொண்டது. ஓநாய்க்கும் இடுப்பு பிடித்துக்கொண்டது. ராஜாவுக்குப் பரம சந்தோஷம். நல்லசிவம் நரி இரண்டாவது ஷோரூம் திறந்தது. பக்கத்திலேயே முதுகுப் பட்டை விற்கும் கடையும் அதனுடையதுதான்.

அலுவலகத்தில் மாசிலாமணி நன்றாகத்தான் வேலை பார்த்தார். அவருக்கு மனுதாரர்களின் கால்தான் தெரியும். கால் நடுங்கினால் 'பரிசீலனையில்' என்று எழுதுவார், நடுங்காவிட்டால் 'இதர'. ஒருநாள் கவுண்டரில் இரண்டு கால் வந்து நின்றன. நடுங்கவில்லை. இடது கால் சுண்டுவிரல் நகம் உடைந்திருந்தது. டூரிங் வண்டியைப் பின்னால் தள்ளும்போது ஸ்டாண்டில் பட்டு உடைந்த நகம். அவருக்குத் தெரியாதா?

"கமலம், நீ எதுக்கு வரிசையில நின்னு வர்றே?"

"நீங்கதானே அதிகாரி. கையெழுத்துப் போடுங்க. லீவு சொல்லிட்டு ரெண்டு பேரும் போயிட்டு வந்துடலாம்."

மாசிலாமணி குரலை இறக்கினார். "கொஞ்சம் குனியேன்டி. பக்கத்துல ஓநாய் நிக்குது. சொந்தப் பெண்டாட்டியே நிமிர்ந்து நிக்கிறா, அவளுக்குக் கையெழுத்துப் போட்டான்னு நாளைக்குப் பேச்சு வரும்."

"நான் சும்மாதானே நிக்கிறேன். நிக்கிறது இப்படித்தாங்க."

அவர் பேனாவை எடுத்தார். பக்கத்தில் ஓநாயின் காலை ஒருமுறை பார்த்தார். அப்புறம் 'இதர' என்று எழுதினார். கையெழுத்து மட்டும் அழகாக விழுந்தது.

செங்கமலம் அந்தத் தாளை வாங்கி மடித்து, வீட்டுக்குப் போய் டூரிங் வண்டிப் பெட்டியில் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். வண்டியைப் பின்னுக்குத் தள்ளி வெளியே எடுத்தாள், ஏறி உட்கார்ந்தாள். பின்சீட்டிலிருந்து இத்தனை வருஷம் பார்த்த கிளட்ச்சும் கியரும்தானே. வளைவில் வந்தபோது முதுகு நேராக, தலை ராஜாவுக்கு மேலே. புருஷன் பழக்கிவிட்ட பழக்கம், இடது கையை இறக்கி இரண்டு விரலை நீட்டிக் காட்டிவிட்டுப் போனாள்.

"யார்றா அது?" சிங்கராஜா கர்ஜித்தார். "பிடிங்கடா!"

பிடிப்பதற்கு யார் பார்த்தார்கள்? சுற்றிலும் இருந்த அத்தனை பேரும் குனிந்திருந்தார்கள். ஒருத்தர் ரெண்டு டயர் பார்த்ததாகச் சொன்னார், இன்னொருத்தர் நிழல் போனதாகச் சொன்னார். செக்போஸ்ட்டில் மூங்கில் கம்பு மேலே தூக்கியபடியே கிடந்தது. அதை இறக்கவேண்டுமானால் அண்ணாந்து கயிற்றைப் பிடிக்கவேண்டும், குரங்கு அண்ணாந்து பார்ப்பதை விட்டு நாளாகிறது. வண்டி வந்த பக்கமாக மூஞ்சியை இன்னும் தாழ்த்தி ஒரு கும்பிடு போட்டது. செங்கமலம் அதற்கும் இரண்டு விரல் காட்டிவிட்டுத் தாண்டிப் போய்விட்டாள்.

சில நாள் கழித்து மாசிலாமணியின் போனில் ஒரு போட்டோ வந்தது. நீலம். போட்டோவின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நீலம், அடியில் நனைந்த இரண்டு கரடிக் கால், ஒன்றில் உடைந்த நகம். கீழே எழுதியிருந்தாள்: 'நாரை சொன்னது நிஜம்தாங்க. துண்டு உபயோகமாச்சு. பின்சீட்டு காலியாத்தான் இருக்கு.'

மாசிலாமணி அழுதார். வெட்கம் பார்க்காமல் அழுதார். ஆனால் குனிந்திருக்கிறவர் அழுதால் கண்ணீர் கன்னத்தில் வழியாது, நேரே மேஜையில் சொட்டும். ஓநாய் எட்டிப் பார்த்து, "வேலைமேல எவ்வளவு உருக்கம் பாருங்க சார்" என்று ராஜாவுக்குத் தகவல் அனுப்பியது. மறுநாளே பதவி உயர்வு வந்தது. கூடவே ஆள் உயரத்துக்குப் பூமாலையும் வந்தது. குனிந்த கழுத்தில் மாலை நிற்காமல் நழுவி நழுவி விழுந்ததால், ஓநாய் ஒரு ஊக்கு போட்டு அதைச் சட்டையோடு குத்திவிட்டது.

"அடுத்த ஆள்" என்றார் மாசிலாமணி. இரண்டு கால் வந்து நின்றன.

நீதி: குனிந்து பழகியவருக்கு எல்லாப் பதவியும் கிடைக்கும். கடல் வேண்டுமென்றால் மட்டும் வண்டியைப் பின்னால் தள்ளத் தெரிந்த மனைவியைப் பகைத்துக்கொள்ளாமல் இருக்கவேண்டும்.