காருக்குக் காற்று வாங்கிக் கொடுத்தவர்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எதைப் பார்த்தாலும் கை துறுதுறுக்கிற ஓர் இனம் இருக்கிறது. கெட்டுப்போன பொருளை இவர்கள் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். குளியலறைக் குழாய் மாதக்கணக்கில் சொட்டும், வாசல் மணி செத்துக் கிடக்கும், அதெல்லாம் கண்ணில் படாது. ஆனால் வம்புதும்பு இல்லாமல் தன் பாட்டுக்கு வேலை செய்யும் ஒரு பொருள் வீட்டில் இருந்துவிட்டால் இவர்களுக்குத் தூக்கம் வராது. இன்னும் கொஞ்சம் நன்றாக ஓடாதா? இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகாதா? அதனால் இவர்களுக்கு 'இன்னும் கொஞ்சம்' பேர்வழிகள் என்று பெயர் வைத்திருக்கிறேன். பெயர் வைக்கும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். சங்கத்தில் நானும் ஆயுள் உறுப்பினன்.

எங்கள் ஆட்களில் ஒருவரைப் பாருங்கள். பகலில் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் உட்கார்ந்து, அடிபட்ட கார்களின் படங்களைப் பார்த்து, 'உரிமையாளரின் கவனக்குறைவு' என்று எழுதி இழப்பீட்டை மறுப்பது அவருடைய தொழில். மாலையில் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் தன் காரின் பானெட்டைத் திறந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நிற்பது அவருடைய தியானம். அது டர்போ கார். அதாவது, இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்க ஒரு குட்டி விசிறி உள்ள கார். அதற்குக் காற்று போகும் வழியில் கம்பெனிக்காரன் தூசியை வடிகட்ட ஒரு கறுப்புப் பெட்டியை வைத்திருந்தான். அந்தப் பெட்டியைக் கண்டாலே நம்மவருக்கு ஆகாது.

"மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடற மாதிரி ஓடுது, பாவம்" என்பார். யாரிடம்? பக்கத்து வீட்டுக்காரரிடம், தபால்காரரிடம், யாரும் கிடைக்காவிட்டால் காரிடமே.

பெட்டியைக் கழற்றிவிட்டுப் பளபளவென்று ஒரு அலுமினியக் குழாயும், அதன் நுனியில் கூம்பு வடிவ ஃபில்டரும் மாட்டினால் கார் சிறுத்தையாகிவிடும் என்று வீடியோக்கள் சொல்லின. நம்மவர் அந்த வீடியோக்களைச் சாப்பிடும்போது பார்த்தார், பல் தேய்க்கும்போது பார்த்தார், மைத்துனர் கல்யாணத்தில் மேடைக்கு முன்னால் உட்கார்ந்தும் பார்த்தார். குழாய் ஒரு சனிக்கிழமை பார்சலில் வந்து சேர்ந்தது.

திங்கட்கிழமை அவர் மகளுக்கு டிரைவிங் டெஸ்ட். ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வர வேண்டும், லைசென்ஸ் இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். கிளட்ச்சும் பிரேக்கும் கனவில்கூட மிதித்துப் பழகியிருந்தாள் அந்தப் பெண்.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்பானரோடு இறங்கியதும் மனைவி வாசலுக்கே வந்துவிட்டாள்.

"ஏங்க, நாளைக்கு டெஸ்டு. இன்னிக்கா இதைக் கழட்டணும்?"

"டெஸ்டுக்காகத்தான்டி மாட்டறேன். நாளைக்கு மேட்டுல பாரு, பிச்சுக்கிட்டுப் போகும்."

அவருடைய முன்ஜாக்கிரதையை யாரும் குறை சொல்ல முடியாது. பெட்டியைக் கழற்றியதும், டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாயின் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள், ஒரு திருகாணி உள்ளே விழுந்தாலும் டர்போ காலி என்று வீடியோ எச்சரித்தது. சாதாரண ஆள் இதை அலட்சியம் செய்திருப்பான். நம்மவர் சமையலறைக்குப் போய், கைக்குக் கிடைத்த துணியை எடுத்து வந்து, அக்கறையாக, ஆழமாக, கண்ணுக்கே தெரியாத அளவுக்குத் திணித்தார். பிறகு குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் ஒன்று மாட்டிக்கொள்ள மறுத்தது. விரல் நசுங்கியது. காபி குடிக்க உள்ளே போனார், விரலை எல்லோருக்கும் காட்டினார், திரும்பி வந்து புதுக் குழாயைப் பொருத்தி இறுக்கினார். இரண்டு போல்ட் மிஞ்சின. கம்பெனிக்காரன் அநாவசியமாகப் போட்டது என்று அவற்றை டப்பாவில் போட்டுக்கொண்டார்.

சாவியைத் திருப்பினார். 'ஹூம்ம்ம்' என்று அடித்தொண்டையில் ஒரு முனகல்.

"கேட்டுச்சா?" என்றார்.

இந்த ஒரு சொல்தான் எங்கள் இனத்தின் அடையாளம். மாற்றம் கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியாது. ஆகவே காதுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். குடும்பத்தார் கேட்டதாகச் சொல்லும்வரை விட மாட்டோம்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றாள் மனைவி. "அடுப்படித் துணியைப் பாத்தீங்களா? நீலக் கட்டம் போட்டது."

"மனுஷன் டர்போவைப் பத்திப் பேசறேன், நீ துணியைப் பத்திப் பேசறே!"

மகள் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "அப்பா, இழுக்கவே மாட்டேங்குது. மஞ்சள் லைட்டு வேற எரியுது."

"கம்ப்யூட்டர் புதுக் காத்துக்குப் பழகணும்மா. லைட்டு எரிஞ்சா பழகிட்டு இருக்குன்னு அர்த்தம்."

திங்கட்கிழமை டெஸ்ட் மைதானத்தின் மேட்டில் கார் பாதி ஏறியது, முனகியது, நின்றது, பின்னால் சறுக்கியது. மறுபடி ஏற்றினாள், மறுபடி சறுக்கியது. பக்கத்தில் இருந்த அதிகாரி பேனாவை மூடினார். "இறங்கிக்கம்மா. நல்லாப் பழகிட்டு வா."

வேலிக்கு வெளியே நின்ற நம்மவர் சும்மா இருந்தாரா? வீடு வரும்வரை வகுப்பு எடுத்தார். "கிளட்ச்சை அவசரப்பட்டு விட்டுட்ட. கால்ல நிதானம் வேணும்." மகள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "எனக்கு இது வராதுப்பா. அந்த வேலை வேணாம்னு சொல்லிடறேன்."

மனசு கேட்காமல் நம்மவர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மேம்பாலத்தில் பாதி ஏறியதும் கார் அவருக்கும் அதே மரியாதையைச் செய்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. சைக்கிளில் போன பெரியவர் ஒருவர் அவரை முந்திக்கொண்டு, பரிதாபமாகத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். நம்மவர் ஓரம் கட்டி, எப்போதும் டேஷ்போர்டில் வைத்திருக்கும் திருப்புளியால் குழாயைக் கழற்றி, ரப்பருக்குள் விரலை விட்டுத் துழாவினார். ஏதோ ஒன்று சிக்கியது. பிடித்து இழுத்தார்.

நீலக் கட்டம் எட்டிப் பார்த்தது.

அவமானத்தில் காது மடல் சுட்டது. இதே படம் அலுவலக மேஜைக்கு வந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று அவருக்கே தெரியும். துணியைப் பாலத்துக்குக் கீழே எறிந்துவிடலாமா? பீரோவுக்குப் பின்னால் கிடந்தது என்று சொல்லிவிடலாமா? யோசித்தபடியே குழாயை மாட்டிக் கிளப்பினார். கார் ஜிவ்வென்று பாலம் ஏறியது. அந்த நிலையிலும் ஒரு கணம் சந்தோஷப்பட்டார் பாருங்கள், எங்கள் இனத்துக்கு வெட்கமே கிடையாது.

வீட்டில் மகள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, வேலை வேண்டாம் என்று போனில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு பீரோ கதை அவர் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அழுக்கேறிய துணியை மேஜை மேல் வைத்தார்.

"அட, என் துணி! எங்கே இருந்துச்சு?" என்றாள் மனைவி.

"டர்போவுக்குப் போற குழாய்க்குள்ள."

மகள் துணியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "அப்போ என் கிளட்ச்சு?"

"உன் கிளட்ச்சுல ஒரு குறையும் இல்லம்மா. காரோட மூக்கை நான் அடைச்சுட்டு, உன் காலைக் குத்தம் சொன்னேன்."

அவள் சிரிக்கவில்லை. தட்டச்சு செய்ததை எழுத்தெழுத்தாக அழித்தாள். எழுந்து கையை நீட்டினாள். "சாவியைக் குடுங்க. நீங்க பக்கத்து சீட்டுல உக்காருங்க. பேசக் கூடாது."

அதே மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில், வேண்டுமென்றே வண்டியை நிறுத்தினாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள், விட்டாள். ஓர் அங்குலம்கூடப் பின்னால் சறுக்காமல் கார் உறுமிக்கொண்டு மேலேறியது. உச்சிக்கு வந்ததும் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"கேட்டுச்சாப்பா?"

"கேட்டுச்சும்மா" என்றார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த எதையோ கழற்றிப் போட்டுவிட்டு, விரல் நசுங்கியதால் கொஞ்சம் ஓய்வெடுக்கத்தானே இந்தக் கதையைக் கையில் எடுத்தீர்கள்? வீட்டுக்குள்ளேயிருந்து ஒரு குரல் வெகுநேரமாக எதையோ காணோம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. எழுந்து போய் என்னவென்று விசாரியுங்கள்.