உஷ் அங்கிள்

பிரிக்பீல்ட்ஸில் ஓடுகிற ரயிலையே வாயை மூடச் சொன்ன ஒரே மனிதர் எங்கள் உஷ் அங்கிள்தான்.

கடைவீட்டு மாடியில் இருந்த தமிழ் நூலகத்துக்கு அவர் ஊழியரும் இல்லை, நிர்வாகியும் இல்லை. ஓய்வுபெற்ற தபால்காரர், என்னைப் போல வெறும் வாசகர். கதவு திறந்ததும் வந்து உட்காருவார். யாராவது தும்மினால் உஷ். வளையல் குலுங்கினால் உஷ். ரயில் ஜன்னலை அதிரவைத்தால், எழுந்துபோய் தண்டவாளத்தைப் பார்த்து நீளமாக ஓர் உஷ். ரயில் போய்விடும். தனக்குப் பயந்துதான் போனது என்ற திருப்தியோடு திரும்புவார்.

ஒருநாள் கிறீச்சிட்ட மின்விசிறிக்கு எண்ணெய் போட அலமாரிமேல் ஏறியவர், அதோடு சரிந்து விழுந்தார். மொத்த நூலகமும் சேர்ந்து அவரைப் பார்த்து "உஷ்!" என்றது.

"சரி சரி, மன்னிச்சிருங்க" என்று புத்தகங்களுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"வீட்டுலயும் இப்படித்தானா அங்கிள்?" என்று கீழே டீக்கடையில் கேட்டேன்.

"வீட்டுல யார உஷ்ஷுங்கிறது? சம்சாரம் போயிட்டா. மகன் லோரி ஓட்டுறான், பாதி நாள் ஜொகூர்ல. அங்கயும் சத்தம் இல்ல, இங்கயும் சத்தம் இல்ல. ஆனா இங்க பத்துப் பேரு இருந்தும் சத்தம் இல்ல பாரு, அது வேற லா."

தொண்ணூறுகளின் கடைசியில் நூலகத்துக்குக் கணினி வந்தது. கூட்டம் போட்டு, நூலகத் தலைவர் ஒரு சிடியைத் தூக்கிக் காட்டினார். "இனிமே நூலகமே இதுக்குள்ள அடங்கிடும்!"

அங்கிள் எழுந்தார். "புத்தகம் அடங்கிடும் தலைவரே. நாங்க எங்க போய் உட்கார்றது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

புத்தகங்கள் பெட்டி பெட்டியாக, ஊருக்கு வெளியே மேருவில் இருந்த ஒரு கிடங்குக்குப் போயின. மாடியில் கணினி வகுப்பு நடந்தது. அங்கிள் அப்போதும் வந்து ஓரமாக உட்கார்ந்தார். பிள்ளைகள் போட்ட கூச்சலில் கூரை பறந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை.

"ஏன் அங்கிள் சும்மா இருக்கீங்க?"

"இது அவங்க இடம்லா."

பிறகு வருவதையே நிறுத்திவிட்டார்.

அவருடைய அடுக்குமாடி வீட்டைத் தேடிப்பிடித்துப் போனேன். வாசல்வரை தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது. அவர் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"பார்க்கல. ஆள் இருக்கிற மாதிரி இருக்கட்டும்னுதான்" என்றார்.

எழுந்து தொலைக்காட்சியை அணைத்தேன். பையிலிருந்த புத்தகத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். அவர் உள்ளே போய்த் தமக்கும் ஒன்று எடுத்து வந்தார். அதன்பின் ஞாயிறுதோறும் போனேன். பேசியது குறைவு. ஒரு மழைக்காலத்தில் அதுவும் முடிந்தது.

சாவு வீட்டில் மகன் கேட்டார், "அப்பாவுக்கு நீங்க என்ன வேணும்ணே?"

"ஒண்ணா உட்கார்ந்து படிப்போம்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், சொந்தக்காரர்கள் வரிசையில் நிறுத்தினார். நானும் நின்றேன்.