இல்லாத ஏரியைப் பற்றி மைத்துனருக்கு

ஓம் சுவஸ்தியஸ்து.

என் மதிப்புக்கும் சற்றுப் பயத்துக்கும் உரிய மைத்துனர், மலைவாசல் படப்பிடிப்போர் சங்கத் தலைவர் திரு. கெடெ சுவெச்சா அவர்களுக்கு, தங்கள் தங்கை சுவார்த்தியின் கணவன் நெங்கா ரெந்தெப் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தங்கள் சிறுநீரகத்திலிருந்து எடுத்த கல்லைச் சீசாவில் போட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலின் தலைமாட்டில் வைத்திருப்பதாக அறிந்தோம். டென்பசார் நகருக்கு வந்து தங்களைப் பார்த்தவர்கள் எல்லோரும் கல் நல்ல அளவு என்று ஒரே குரலில் சொல்கிறார்கள். குடும்பத்துக்கே பெருமை. இங்கு நாங்களும் பெரிய பன்றியும் நலம்.

நிற்க. "சனிக்கிழமை வரிசையில் எண்பத்து மூன்று பேர் காத்திருக்க, சங்கத்துக் கண்ணாடியோடு எங்கே போனாய்?" என்று, புகார் வந்திருப்பதாகச் சொல்லிச் செயலாளர் மூலம் கேட்டிருந்தீர்கள். கடலுக்குப் போனேன். இப்படி ஒரே வரியில் முடித்தால், வேலை நேரத்தில் குளிக்கப் போனான் என்று தாங்கள் நினைக்கக்கூடும். ஆஸ்பத்திரியில் இருப்பவர் அப்படி நினைப்பது உடம்புக்கு நல்லதல்ல. ஆகவே விரிவாக எழுதுகிறேன்.

முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்து, ஒரு புள்ளி விவரத்தில்கூடத் தவறாமல் ஓய்வு பெற்ற என்னை, மலைக்கோயிலில் இரண்டாகப் பிளந்து நிற்கும் வாசலுக்கு எதிரே பிளாஸ்டிக் முக்காலியில் உட்காரவைத்துக் கையில் கண்ணாடித் துண்டைக் கொடுத்தவர் தாங்கள்தான். வருகிறவர்களின் போனை வாங்கி, அதன் கண்ணுக்கு அடியில் கண்ணாடியைப் படுக்கவைத்துப் பிடித்தால், முற்றத்துக் கருங்கல் மறைந்து, வாசலும் அதன் நடுவே தெரியும் பெரிய மலையும் தலைகீழாகத் தண்ணீரில் மிதப்பதுபோல் விழும். முதல் நாளே நான் கேட்டேன்: "மச்சான், இங்க தண்ணியே இல்லையே, இது தப்பில்லையா?" தாங்கள் சொன்னீர்கள்: "ஏரி இருக்குன்னு நாம எங்கயாவது எழுதி வெச்சிருக்கமா? அவங்க பாக்குறாங்க. அவங்க கண்ணு." அந்தப் பதிலை நான்கு வருடம் விழுங்கிக்கொண்டேன். துண்டும் குளியல் உடையுமாக வந்து முற்றத்தைச் சுற்றிச் சுற்றித் தேடிய பெண்ணிடம் நான் ஒன்றும் பேசவில்லை. படகு வாடகை கேட்ட மனிதரிடம் மட்டும், வாய் தவறி, படகு பழுது பார்க்கப் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார்.

சனிக்கிழமை வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. மலை உச்சிவரை தெரிந்தது. நூற்று நாற்பத்தேழாம் எண் சீட்டோடு வந்தவர் ஒரு கிழவர். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, கீழ்வாசலில் நம் ஆட்கள் கோணலாக இடுப்பில் கட்டிவிட்ட சங்கத்துச் சாரோங் துணி, கையில் சின்னத் துணிப்பை. கடலோர நகரமான செமாரங்கில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியெம் கியான் போ, வயது எழுபத்தாறு. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்கு அவர் வெறும் நூற்று நாற்பத்தேழு. வழக்கம்போல, "வாசலுக்கு நடுவுல நில்லுங்க ஐயா! கையத் தூக்குங்க! ஒண்ணு, ரெண்டு, குதிங்க!" என்று கத்தினேன். அவர் குதிக்கவில்லை. வாசல் பக்கமே போகவில்லை. நேராக என் முக்காலிக்கு வந்து குனிந்தார்.

"ஏரிக்கு எந்தப் பக்கமாப் போகணும், தம்பி?"

நான் சிரித்துக்கொண்டே கண்ணாடியைத் தூக்கிக் காட்டினேன். சாதாரணமாக எல்லோரும் சிரிப்பார்கள், சிலர் திட்டுவார்கள். இவர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். பிறகு அதைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தார். கடிகாரக்காரர் அல்லவா.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாங்க ஐயா."

"பதினோரு மாசமா இந்தப் படம் எங்க வீட்டு அடுப்பாங்கரைல தொங்குது. காலண்டர்ல மார்ச் மாசத்தத் தாண்டவே விடல என் வீட்டுக்காரி. இந்த ஏரியில மீன் இருக்குமான்னு கேட்டா. இருக்கும்னு சொன்னேன். ஆழமா இருக்குமான்னு கேட்டா. இடுப்பளவுதான்னேன். அப்ப என்னைய அங்க கொண்டு போய்ப் போட்டுடுன்னா."

துணிப்பையிலிருந்து ஒரு புதினா மிட்டாய் டப்பாவை எடுத்து என் மடியில் வைத்தார். "இதுதான் ஸ்வான் நியோ. முழுசா இல்ல. ஒரு கைப்பிடி."

மைத்துனரே, என் நிலைமையைத் தாங்களே யோசியுங்கள். கோயில் முற்றம். சாவுத் தீட்டு உள்ளவன் படி ஏறக்கூடாது என்று நான்கு மொழிகளில் பலகை வைத்திருக்கிறோம். என் மடியில் ஒரு பெண்மணியின் சாம்பல். பின்னால் எண்பத்து மூன்று பேர். விஷயம் வெளியே தெரிந்தால் ஊரே கூடும், கிழவரைக் கூட்டத்தின் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். அந்த மனிதர் அதற்காகக் கப்பலும் பஸ்ஸும் ஏறி வரவில்லை. நான் எழுந்து நின்று, என்னிடம் இருந்த ஒரே அதிகாரத்தைப் பயன்படுத்தினேன். "மேகம் வருது! அரை மணி நேரம் பொறுங்க!" என்று அறிவித்தேன். ஒரு துளி மேகம் இல்லாத வானத்தை எண்பத்து மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். இரண்டு பேர் குடையே விரித்துவிட்டார்கள்.

அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். பாதி வழியில் அவருடைய சாரோங் சங்கிலியில் மாட்டிக் கிழிந்தது. மீதியைச் சங்க முத்திரையோடு திருப்பித் தருகிறேன். அதற்குப் பிறகு பன்றி ஏற்றிய லாரி ஒன்று முந்தவிடாமல் ஏழு வளைவு எங்களை இழுத்துப்போனது. கிழவர் என் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "பொய்க்காரனுங்க. ஊரே பொய்க்காரனுங்க." நான் காது கேட்காதவன்போல் ஓட்டினேன். ஐந்தாவது வளைவில் குரல் மாறியது. "நானும் இடுப்பளவுன்னு சொன்னேனே."

கீழே, கருமணல் கரைக்கு வந்ததும் அவர் வண்டியிலிருந்து இறங்கவே மறுத்தார்.

"கடலா? கடல் வேணாம். அவ அண்ணன் மீன் புடிக்கப் போய்த் திரும்பல. அம்பது வருஷம் செமாரங்ல குடும்பம் நடத்தினோம், ஒரு நாள் கரைக்கு வந்ததில்ல. அதனாலதானே ஏரியக் கேட்டா!"

என் வாயோ, வருகிறவர்களைக் குதிக்கச் சொல்வதைத் தவிர வேறு எதுவும் சொல்லிப் பழக்கமில்லாத வாயாகிவிட்டது. கையைப் பார்த்தேன். அவசரத்தில் கண்ணாடியைக் கையோடு கொண்டுவந்திருந்தேன். அந்த நேரத்துக் கடல் அலையில்லாமல் கிடந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு முழங்காலளவு தண்ணீரில் இறங்கிக் கரைப்பக்கம் திரும்பி நின்றேன். அங்கிருந்து பெரிய மலை முழுசாகத் தெரிந்தது. கண்ணாடியை அவர் மார்பு உயரத்துக்குப் படுக்கவைத்துப் பிடித்து, "கடலப் பாக்காதீங்க ஐயா. இங்க வந்து இதுக்குள்ள பாருங்க," என்றேன்.

வண்டியிலிருந்து இறங்கினார். பிறகு சப்பாத்தோடேயே தண்ணீரில் இறங்கி வந்தார். குனிந்து, கண்ணாடி விளிம்புக்குக் கண்ணைக் கொண்டுபோனார், கடிகாரத்துக்குள் பார்ப்பதுபோல. மலை அதில் தலைகீழாக நின்றது. வாசல் இல்லை. அவர் அதைக் கேட்கவும் இல்லை.

"நியோ, வந்துட்டம்டி," என்றார். "ஆழமில்ல. பாரு, எனக்கு முட்டிதான்."

டப்பாவைத் திறந்து கண்ணாடியின்மேல் சாய்த்தார். சாம்பல் மேலிருந்து விழுந்தது. கண்ணாடிக்குள் கீழிருந்தும் எழுந்து வந்தது. நடுவில் இரண்டும் தொட்டுக்கொண்டன. நான்கு வருடத்தில் இப்படி ஒன்றை அந்தக் கண்ணாடியில் நான் பார்த்ததில்லை. யாரும் படம் எடுக்கவில்லை. எடுக்க எனக்குத் தோன்றவும் இல்லை. நான் மெல்லக் கண்ணாடியைத் தண்ணீருக்குள் தாழ்த்தினேன். சாம்பல் மிதந்து பிரிந்தது. அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ ஒரே ஒரு அலை வந்தது. கை வழுக்கிவிட்டது. சங்கத்தின் சொத்து கடலோடு போய்விட்டது. பொறுப்பு முழுவதும் என்னுடையது.

பிறகு கரைக் கடையில் இருவரும் குச்சியில் குத்திச் சுட்ட மீன் சாத்தே சாப்பிட்டோம். அவர் ஏழு குச்சி சாப்பிட்டார். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். பஸ் ஏறும்போது என் மணிக்கட்டைப் பிடித்து, என் கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டு, "நாலு நிமிஷம் பின்னால ஓடுது," என்று திருத்திக் கொடுத்தார். "நீ பொய்க்காரன்தான். ஆனா கை நடுங்காமப் புடிச்ச."

நான் கோயிலுக்குத் திரும்பிப் பூசாரியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் முற்றத்தில் தீர்த்தம் தெளித்து, என் தலையிலும் கொஞ்சம் கூடுதலாகத் தெளித்துவிட்டு, "இனிமே டப்பாவோட வர்றவங்கள நீயே கீழ்வாசல்ல கேட்டு அனுப்பு," என்று மட்டும் சொன்னார். அதுவரை கோபமாக இருப்பார் என்று நினைத்திருந்ததால், அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆகவே மைத்துனரே, இந்தக் கடிதத்தையே என் ராஜினாமாவாக ஏற்கவேண்டுகிறேன். குதி என்று இனி என்னால் யாரிடமும் சொல்ல இயலாது. யாராவது ஏரிக்கு வழி கேட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அந்தக் கோணத்தில் கண்ணாடி பிடிக்க என்னைவிட்டால் ஊரில் ஆளில்லை என்பது எனக்குத் தெரியும். சங்கத்துக்கு இது பேரிழப்பு. தையல் பிரிப்பதற்கு முன் இந்தச் செய்தியைத் தங்களுக்குச் சொல்ல நேர்ந்ததற்கு வருந்துகிறேன். மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

எல்லாத் திசைத் தெய்வங்களும் தங்கள் இன்னொரு சிறுநீரகத்தையாவது கல்லின்றிக் காக்கட்டும். அண்ணியாருக்கு எங்கள் அன்பு. ஓம் சாந்தி சாந்தி சாந்தி ஓம்.

தாழ்மையுள்ள,
நெங்கா ரெந்தெப்

பி.கு.: உறையை ஒட்டும்போது சுவார்த்தி கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டு, "ராஜினாமாவா? யாரோட வேலைய?" என்று கேட்டாள். நான் வண்டியைக் கிளப்பிய இரண்டாவது நிமிடமே அவள் கோயிலடியில் இருக்கும் தன் காப்பிக் கடையைச் சாத்திவிட்டு என் முக்காலியில் உட்கார்ந்து, கண்ணாடி இல்லாததால் தன் போனின் அணைந்த திரையை வைத்தே ஏரி காட்டியிருக்கிறாள். யாரையும் குதிக்கச் சொல்லவில்லையாம். எண்பத்து மூன்று பேரும் பகல் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்து மகிழ்ச்சியோடு இறங்கிவிட்டார்களாம். தங்களுக்கு வந்த புகாரும் நான் போனதைப் பற்றியது அல்லவாம். நாலு மணிக்குத் திரும்பி வந்து, பிறகு வந்தவர்களுக்கும் ஏரி காட்டிக்கொண்டிருந்த அவளை எழுப்பிவிட்டு நான் மறுபடி முக்காலியில் உட்கார்ந்ததைப் பற்றியதாம்.