மாப்பிள்ளை செத்த நல்ல நேரம்

மன்னிப்புக் கேட்பதில் மனிதர்களைவிட நிறுவனங்களுக்குக் கெட்டிக்காரத்தனம் அதிகம். நாம் மன்னிப்புக் கேட்டால் தொண்டை கம்மும், பார்வை தரைக்குப் போகும், எதிரே இருப்பவருக்குக் கோபம் இன்னும் ஏறும். நிறுவனம் மன்னிப்புக் கேட்டால் பின்னணியில் வயலின் ஒலிக்கும். தாடி வைத்த ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, "உங்களை ஏமாற்றிவிட்டோம். உங்கள் குரல் எங்களுக்குக் கேட்டது. எங்களுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள்" என்பார். பார்ப்பவனுக்குக் கண் கலங்கிவிடும்.

(எனக்குக் கலங்கியது. முப்பது வயது ஆண்பிள்ளை, நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் எங்கள் பட்டறையில், கைப்பேசியைப் பார்த்து அழுதேன். வெல்டிங் வெளிச்சம் கண்ணில் பட்டுவிட்டது என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் நம்பி மருந்து வாங்கி வந்து ஊற்றியும் விட்டார். பயங்கரமாக எரிந்தது.)

அந்தத் தாடிக்காரரின் நிறுவனம் ஓர் இணைய விளையாட்டை நடத்தியது. பெயர் சொல்ல மாட்டேன். அதற்கு நான் செய்த விளம்பரம் போதும். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்து, ஒரு கற்பனை நாட்டில் சுற்றித் திரிந்து சண்டை போடுகிற விளையாட்டு. நான் கேடயம் ஏந்திய வீரன். முன்னால் நின்று எல்லா அடியையும் நானே வாங்கிக்கொள்வது என் வேலை. (வீட்டிலும் பட்டறையிலும் அதே வேலைதான் என்பதால் தனியாகப் பயிற்சி தேவைப்படவில்லை.)

என்னோடு இரண்டு பேர். தினகரன், கோழிப்பண்ணைக்காரன், விளையாட்டில் வில்லாளி. சலீம், சேலத்தில் ஜவுளிக்கடை. விளையாட்டில் காயம் ஆற்றும் வைத்தியன். மூன்று பேரும் ஒரே விடுதிப் பள்ளியில் படித்தவர்கள். அங்கே விளையாட்டு மைதானம் என்று ஒன்று உண்டு. அதில் உட்கார்ந்துதான் வாரத்தேர்வு எழுதுவோம். ஆகவே முப்பதை நெருங்கும்போதுதான் எங்களுக்குப் பிள்ளைப்பருவம் ஆரம்பித்தது. எங்கள் கூட்டத்துக்கு 'முட்டைப் படை' என்று தினகரன் பெயர் வைத்தான். நான் தலைவன். அவர்கள் இரண்டு பேரையும் இழுத்துப் போட்டவன் நான்தான் என்பதால் அந்தப் பதவி.

முதல் தடவை அந்த விளையாட்டு வெளியானபோது அது விளையாட்டாகவே இல்லை. என் வீரனுக்கு முகம் வரவில்லை. இரண்டு கண்ணும் ஒரு வரிசைப் பல்லும் மட்டும் காற்றில் மிதந்தன. சலீம் ஏறிய குதிரை வானத்தை நோக்கி நடக்க ஆரம்பித்து, போயே போய்விட்டது. கடைக்காரர்கள் இடுப்புவரை மண்ணில் புதைந்து நின்று "வாருங்கள், வாருங்கள்" என்றார்கள். ஒரு மாதம் நான் அதற்கு வக்காலத்து வாங்கிப் பார்த்தேன். கடைசியில் தினகரன் சொன்னான்: "மச்சான், இனிமேல் நீ நல்லாருக்குன்னு சொன்னா நான் பச்சத்தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்." படை கலைந்தது.

இரண்டு வருடம் கழித்துத்தான் தாடிக்காரர் வயலினோடு வந்தார். எல்லாவற்றையும் அடியிலிருந்து மாற்றிவிட்டார்களாம். மறுபடியும் திறக்கிற நாளில் முதல் ஒரு மணி நேரத்துக்குள் படைத்தலைவன் உள்ளே வந்தால், கலைந்த படைகூடப் பழைய பெயரோடும் பழைய கோட்டையோடும் உயிர்பெறுமாம். நான் தினகரனுக்கும் சலீமுக்கும் அடுத்தடுத்துப் போன் செய்தேன். காலில் விழாத குறை. மனைவி பிரசவத்துக்குக் கூட நான் அப்படிக் கெஞ்சியிருக்க மாட்டேன். (மனைவி இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.)

அதே சமயத்தில்தான் சங்ககிரியிலிருந்து நித்யாவின் ஜாதகம் வந்தது. அவள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. அவள் அப்பாவுக்குச் சொந்தமாக லாரிகள் ஓடின. நாங்கள் போய்ப் பெண் பார்த்துவிட்டு வந்த பிறகு, இரண்டு வீட்டுச் சம்மதத்தோடு சில முறை போனில் பேசினோம். அவளோடு பேசிவிட்டு வைத்தால் பட்டறையில் கிரைண்டர் சத்தம்கூட நன்றாக இருப்பதுபோல் தோன்றியது.

"கேம் வெளையாடுவீங்களாமா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"எப்பவாச்சுமுங்க." (பொய்.)

"நல்லா இருக்குமுங்களா?"

"மொதல்ல வந்தப்ப படுமோசமுங்க. இப்ப எல்லாத்தையும் சரி பண்ணிட்டாங்க."

"சரி பண்ணிட்டாங்கன்னு யாருங்க சொன்னது?"

"அவங்களேதானுங்க."

மறுமுனையில் வெகுநேரம் சிரித்தாள். "எம்பட கிளாஸ்லயும் நாலு பேரு இருக்கானுங்க. பரீட்சை சூப்பரா எழுதியிருக்கேன்னு அவனுங்களேதான் சொல்லுவானுங்க" என்றாள்.

அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும். அவள் சிரிப்பதிலேயே மயங்கிக் கிடந்தேன்.

பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடாயிற்று. வழக்கமாகப் பெரியவர்கள்தான் வருவார்கள். "நான் இருக்கப்போற ஊட்டை நான் பாக்க வேண்டாமுங்களா?" என்று கேட்டு நித்யாவும் கிளம்பிவிட்டாள். என் அம்மாவுக்கு அந்தக் கேள்வி அவ்வளவு பிடித்துப்போயிற்று. பக்கத்து வீட்டிலெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். ஜோசியர் நல்ல நேரம் குறித்துக் கொடுத்தார்: ஞாயிற்றுக்கிழமை காலை, பதினொரு மணிக்கு மேல். விளையாட்டு திறக்கிற நேரம்: அதே ஞாயிறு, பத்தரை.

வேறு எவனாக இருந்தாலும் இரண்டில் ஒன்றை விட்டிருப்பான். நான் கணக்குப் போட்டேன். பத்தரைக்கு உள்ளே போய்ப் படையை உயிர்ப்பித்துவிட வேண்டும். நம் ஊரில் பதினொரு மணி என்றால் விருந்தாளிகள் பதினொன்றரைக்குத்தான் வருவார்கள். தாராளமாக நேரம் இருக்கிறது.

லாரிக்காரர்கள் நேரத்துக்கு முன்னால் வந்து நிற்பவர்கள் என்பதை நான் மறந்துவிட்டேன். பத்தே முக்காலுக்கு வாசலில் கார்.

நான் அப்போதுதான் உள்ளே நுழைந்து படையை உயிர்ப்பித்திருந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும்: ஐந்து நிமிடம் அற்புதமாக இருந்தது. முகம் வந்திருந்தது. கடைக்காரர்களுக்குக் கால் முளைத்திருந்தது. ஹெட்செட்டில் தினகரனே "பரவால்லடா" என்றான். அதற்குள் அம்மா கதவைத் தட்டினாள். "வந்துட்டாங்கடா கண்ணு! சட்டையைப் போடு!"

புது விளையாட்டில் ஒரு வசதி: நம் ஆளை இன்னொருவன் பின்னால் தானாக நடக்க வைக்கலாம். என் வீரனைத் தினகரனின் வில்லாளிக்குப் பின்னால் நடக்க விட்டேன். "டேய், பொண்ணு ஊட்டுக்காரங்க வந்துட்டாங்க. அரை மணி நேரத்துல அனுப்பி உட்டுட்டு வாரேன், பாத்துக்கோ" என்று தினகரனிடம் சொல்லிவிட்டு (சலீம் இன்னும் உள்ளே வரவில்லை), ஹெட்செட்டைக் கழற்றி வீசிவிட்டு ஓடினேன். வீசிய வேகத்தில் அதன் ஒயர் கணினியிலிருந்து பிடுங்கிக்கொண்டதைப் பார்க்கவில்லை.

அன்று விடியற்காலை அம்மா சொன்னாள் என்று, என் கணினியிலிருந்து, கூடத்தில் டிவிக்குக் கீழே இருக்கும் ஸ்பீக்கரில் நாதஸ்வரம் போட்டிருந்தேன். ஒயர் இல்லாத ஸ்பீக்கர். நாதஸ்வரத்தை நிறுத்தினேனே தவிர இணைப்பைத் துண்டிக்கவில்லை. ஹெட்செட் கழன்றதும் கணினி, "சரி, பழைய இடத்துக்கே போவோம்" என்று முடிவு செய்துவிட்டது.

கூடத்தில் நித்யாவின் அப்பா, அம்மா, பெரியம்மா, நித்யா. எதிரே என் அப்பா, தாய்மாமன், வெள்ளைச் சட்டையில் நான். அம்மா பலகாரத் தட்டில் கச்சாயத்தை வைத்து நீட்டிக்கொண்டிருந்தாள். நித்யா ஜன்னல் வழியே எங்கள் கொய்யா மரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தக் கணம்தான் டிவிக்குக் கீழே இருந்து தினகரனின் குரல் வந்தது. ஆயிரம் கோழிகளுக்கு நடுவே கத்திப் பழகிய குரல்.

"டேய்! வேலு செத்துட்டான்டா!"

நித்யாவின் அப்பா கையில் இருந்த காபி வேட்டியில் கொட்டியது. அவர் எழுந்துவிட்டார். முந்தைய வருடம்தான் அவருடைய ஓட்டுநர் ஒருவர் விபத்தில் போயிருந்தார்; இப்படித்தான் ஒரு காலை நேரத்தில் செய்தி வந்ததாம்.

"எங்கடா?" இது சலீம்.

"பாலத்துக்கிட்ட. அடிச்சுத் தூக்கி எறிஞ்சிருச்சு!"

"ஒடம்பு?"

"பாதி ஒடம்பு பாலத்துக்குள்ள மாட்டி நிக்குதுடா!"

"எந்த வண்டிங்க? எந்தப் பாலம்?" என்று நித்யாவின் அப்பா சட்டைப்பையில் போனைத் துழாவினார். "யாருங்க இந்த வேலு?"

"நான்தானுங்க" என்றேன். (ஜாதகத்தில் என் பெயர் வேறு. வேலு என்பது வீட்டிலும் நண்பர்களிடமும்தான்.)

இன்றுவரை யோசிக்கிறேன். அந்தக் கேள்விக்கு வேறு என்ன பதில் சொல்லியிருக்க முடியும்?

"இருடா, எந்திரிச்சுட்டான்!" என்றது ஸ்பீக்கர். "அய்யய்யோ, மறுபடியும் செத்துட்டான்!"

விஷயம் இதுதான். பாலத்தில் ஒரு ராட்சதன். செத்தவன் பாதுகாப்பான இடத்தில் உயிர்த்தெழ வேண்டும் என்பது விதி. அடியிலிருந்து மாற்றியதாகச் சொன்னவர்கள் அந்த ஒரு விதியை விட்டுவிட்டார்கள். நான் ராட்சதனின் காலடியிலேயே எழுந்து, எழுந்த சூட்டோடு செத்துக்கொண்டிருந்தேன்.

பெரியம்மா தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல என்ன பேச்சு சாமி இது!" நான் என் அறைக்கு ஓடினேன். கணினி உறைந்து நின்றது. எந்த விசையை அமுக்கினாலும் அசையவில்லை. கூடத்தில் அப்பா டிவி பிளக்கைப் பிடுங்கினார். ஸ்பீக்கர் பேட்டரியில் ஓடுவது அவருக்குத் தெரியாது. பிறகு அதைத் தூக்கித் தோள்துண்டில் சுற்றி, பச்சைக்குழந்தையை எடுத்துப் போவதுபோல் கொல்லைப்பக்கம் நடந்தார். நான் திரும்பி ஓடி வந்தபோது அவர் நித்யாவைத் தாண்டிக்கொண்டிருந்தார். துண்டுக்குள்ளிருந்து சலீம் தெளிவாகக் கேட்டான்:

"அவன் ஏன்டா வாயே தொறக்க மாட்டேங்கறான்?"

"பொண்ணு ஊட்டுக்காரங்க வந்திருக்காங்கல்ல. அரை மணி நேரத்துல அனுப்பி உட்டுட்டு வாரேன்னான்."

"இன்னுமா அனுப்பலை?"

கொல்லையில் தண்ணீர்த்தொட்டியில் 'தொபுக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அப்பா ஈரத்துண்டோடு திரும்பி வந்தார்.

நான் விளக்கினேன். விளையாட்டு, வீரன், பாலம், ராட்சதன் என்று ஒவ்வொன்றாக. சொல்லச் சொல்ல, முப்பது வயது ஆணின் வாயிலிருந்து அந்தச் சொற்கள் வருவதை நானே முதல் முறையாகக் கேட்டேன். நித்யாவின் அப்பா கேட்டுக்கொண்டார். போனைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். "ஒண்ணுமில்லைன்னா சந்தோசமுங்க" என்றார். கிளம்பும்போது வழக்கமாகச் சொல்லும் "போயிட்டு வாரோமுங்க" வரவில்லை. "போறோமுங்க" என்றார். அம்மா அந்தச் சொல்லைக் கேட்டதும் கதவைப் பிடித்துக்கொண்டாள். தட்டில் கச்சாயம் அப்படியே இருந்தது.

அறைக்குப் போனேன். திரை சரியாகியிருந்தது. என் வீரன் இன்னும் எழுந்து செத்துக்கொண்டிருந்தான். மேலே பொன்னெழுத்தில், திரும்பி வந்ததற்கு நன்றி என்று ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் நித்யாவுக்குப் போன் செய்தேன். எடுத்தாள். அதுவே பெரிய விஷயம்.

"செத்துட்டான்னு கேட்டதுல பெரியம்மாதான் பயந்துட்டாங்க" என்றாள். "எனக்கு அது ஒண்ணுமில்லைங்க. கார்ல வரும்போது நெனச்சு நெனச்சு சிரிப்புக்கூட வந்துச்சு. அப்பா மட்டும் வழி முச்சூடும் பேசலை."

"அப்ப..."

"அரை மணி நேரத்துல அனுப்பி உட்டுட்டு வாரேன்னீங்கள்ல. அதுதானுங்க. நான் அன்னிக்குக் காலையில மூணு சேலை மாத்திக் கட்டினேன்."

எனக்குத் தொண்டை கம்மியது. வயலின் எதுவும் ஒலிக்கவில்லை. "தப்புத்தானுங்க. இன்னொரு வாய்ப்பு குடுங்க" என்றேன்.

கோபமே இல்லாமல், வகுப்பில் கேள்வி கேட்பதுபோல் கேட்டாள்: "அந்த கேமுக்கு நீங்க குடுத்தீங்களே. என்னாச்சுங்க?"

"வெச்சர்றேனுங்க" என்றாள். அடுத்த தையில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு இணையத்தில் எந்தப் பழக்கமும் இல்லை என்று கேள்வி. அந்த விளையாட்டையும் ஒரு வருடத்துக்குள் மூடிவிட்டார்கள். தினகரன் மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு தட்டு முட்டை கொடுத்துவிட்டுப் போகிறான்.

இப்போதெல்லாம் எங்கள் சொந்தத்தில் காதுகுத்து, சீர், கல்யாணம் எது நடந்தாலும், ரேடியோ செட்டுக்காரர் மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" என்றதும் என் தாய்மாமன் போய் அதை வாங்கிவிடுவார். மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, "நம்ம வேலு உசுரோடதான் இருக்கான், எல்லாரும் பாத்துக்குங்க. இனி பாட்டைப் போடுங்க" என்று அறிவிப்பார். புதிதாக வந்த மருமகள்களுக்கு யாராவது கதையை முதலிலிருந்து சொல்வார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் எழுந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்காருவேன்.

அம்மா மட்டும் அந்த நேரத்தில் பந்தியில் ஏதோ வேலை இருப்பதுபோல் எழுந்து போய்விடுவாள்.